எதில் வார்ப்பது?



பனங்காட்டில் கருப்பட்டி காய்ச்சுவதை உங்களுள் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். பதநீரை அகன்ற கலத்தில் ஊற்றிக் காய்ச்சுகிறார்கள். பாகு பதத்துக்கு வந்ததும் அதைத் தேங்காய்ச் சிரட்டைகளில் வார்க்கிறார்கள். ஆறிய பின்னர்க் கவிழ்த்துத் தட்டினால், பாதிப் பந்து வடிவில் கருப்பட்டி கையில் வந்து விழுகிறது. இந்த வேலையில் நம் கண்ணுக்குத் தப்பிவிடும் சிறு செயல் ஒன்று உண்டு. பாகை வார்ப்பதற்கு முன் சிரட்டையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்கிறார்கள். நனையாத சிரட்டையில் வார்த்தால் பாகு பற்றிக்கொள்ளும். கருப்பட்டி உடைந்துதான் வெளிவரும். நனைந்த சிரட்டையோ வார்த்ததை விட்டுவிடும்.

செங்கல் அறுக்கும் இடத்திலும் இதே அறிவைக் காணலாம். மரச்சட்டத்தில் சேற்றை அடைப்பதற்கு முன் சட்டத்தை நனைக்கிறார்கள். அல்லது உள்ளே நுண்மணலைத் தூவுகிறார்கள். அதனால்தான் சட்டத்தைத் தூக்கியதும் கல் தரையில் முழுமையாக நிற்கிறது.

இவற்றிலிருந்து ஒன்று விளங்கும். வார்ப்பு அச்சு என்பது ஒன்றற்கொன்று முரணான இரு கடமைகளை உடையது. வார்க்கும்போது பொருளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இறுகிய பின் அதை விட்டுவிட வேண்டும். பிடிப்பது எளிது. எந்தப் பாத்திரமும் பிடிக்கும். விடுவதுதான் கடினம். அதை மனத்தில் கொண்டே அச்சுக்கான பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

சுவாமிமலைச் சிற்பியர் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தார்கள். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துத் திருவுருவத்தை முதலில் மெழுகில் செய்கிறார்கள். அதன்மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசுகிறார்கள். மெழுகில் உள்ள நகக்கண், புருவக்கோடு முதலிய நுட்பங்கள் யாவும் அம்மண்ணில் பதிகின்றன. அதன்மேல் பருமண் பூச்சு. உலர்ந்த பின் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறுகிறது. அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்க்கிறார்கள். பின்னர் அச்சை உடைத்துவிடுகிறார்கள். அச்சு பொருளை விட்டுவிட வேண்டும் என்ற கவலையே அங்கு இல்லை. ஓர் அச்சுக்கு ஒரே திருமேனி. ஆயினும் அங்கும் ஒரு விதி உண்டு: அச்சில் ஈரம் இருக்கலாகாது. காயாத மண்ணில் கொதிக்கும் உலோகம் விழுந்தால், ஈரம் நீராவியாகிச் சீறும்; அச்சு பிளக்கும்; உலோகம் ஆளின்மேல் தெறிக்கும்.

கருப்பட்டிக்கு நண்பனான தண்ணீர் உலோக வார்ப்புக்குப் பகையாயிற்று. ஆகவே, 'நல்ல அச்சுப் பொருள் எது?' என்ற வினாவுக்குத் தனித்த விடை கிடையாது. 'எதை வார்க்கப் போகிறோம்?' என்ற வினாவுக்கு விடை கூறிய பிறகே அதற்கு விடை கூற இயலும். இவ்வுண்மையை எனக்கு மறவாத வண்ணம் கற்பித்தவன் என்னிடம் படித்த மாணவன் ஒருவன். அந்த நிகழ்ச்சியை இப்போது சொல்லுகிறேன்.

எங்கள் ஊர் ராயகிரி, சங்கரன்கோவில் வட்டாரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை அடுத்துள்ளது. இப்பகுதியில் எலுமிச்சைத் தோப்புகள் உண்டு. எலுமிச்சைக்கு விலை ஏறுவது கோடையில். தோப்புக்குத் தண்ணீர் இன்றியமையாததாவதும் அதே கோடையில்தான். ஒரு பங்குனி மாதத்தில், சிறு தோப்புடைய குடும்பம் ஒன்றின் பம்பு செட்டு நின்றுபோயிற்று. மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் இடத்தில் இரு இரும்புத் தலைகளின் பற்களுக்கு நடுவே நட்சத்திர வடிவில் ஒரு ரப்பர் இருக்கும். சுழற்சியின் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வது அதுவே. அந்த நட்சத்திர ரப்பர் தேய்ந்து கிழிந்துவிட்டது. இயந்திரமோ மிகப் பழையது. அந்த அளவு கடைகளில் கிடைக்கவில்லை. மரத்தில் பிஞ்சு பிடித்திருந்தது. பத்து நாள் தண்ணீர் பாயாவிட்டால் பிஞ்சு உதிரும். அவ்வாண்டு வருவாயும் அதனோடு உதிரும்.

லேத்துப் பட்டறை வைத்திருந்த என் பழைய மாணவன், தானே அந்த ரப்பரை வார்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டான். மதுரைக்குச் சென்று யூரித்தேன் ரப்பர் செய்யும் இரு திரவங்களை வாங்கிவந்தான். மூன்று முறை முயன்று மூன்று முறையும் தோற்றான். நான்காம் நாள் மாலை, தோற்ற பொருள்கள் மூன்றையும் ஒரு சாக்குப் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தான்.

"ஐயா, மருந்து கெட்டுப்போன மருந்தா, என் கை கெட்ட கையா, தெரியவில்லை" என்றான்.

"மருந்தும் கெடவில்லை, கையும் கெடவில்லை, தம்பி. பையில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து வை" என்றேன்.

அவன் எடுத்து வைத்தவற்றைக் காண்பதற்கு முன், யூரித்தேன் ரப்பர் இன்னதென்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும். மரத்திலிருந்து வடியும் பாலிலிருந்து கிடைக்கும் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதிபெறும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தார். அந்த ரப்பர் பிசைந்த மாவைப் போன்றது. அதை இரும்பு அச்சில் வைத்துப் பேரழுத்தமும் சூடும் கொடுத்தே உருவாக்க வேண்டும். சிறு பட்டறைக்கு அது எட்டாத வேலை. யூரித்தேன் அவ்வாறன்று. 1937-இல் ஜெர்மனியில் லெவர்குசன் நகரில் ஆட்டோ பேயர் என்னும் இரசாயன அறிஞரும் அவர்தம் குழுவினரும் கண்ட வழியில் பிறந்தது அது. (பேயர் என்ற புகழ்பெற்ற நிறுவனத்தைத் தொடங்கிய குடும்பத்துக்கும் இவருக்கும் உறவு கிடையாது.) ஐசோசயனேட் வகையைச் சேர்ந்த ஒரு திரவத்தையும் பாலியால் எனப்படும் மற்றொரு திரவத்தையும் கலந்தால், இரண்டும் கைகோத்து நீண்ட சங்கிலிகளாகி இறுகுகின்றன. அழுத்தம் வேண்டுவதில்லை. பாகைப் போல ஊற்றலாம். ஊற்றும்போது பாகு, இறுகிய பின் ரப்பர். சிறு பட்டறைக்கு இது கிடைத்தற்கரிய வரம்.

இனி, என் மாணவனின் மூன்று தோல்விகளைப் பார்ப்போம்.

முதலாவது, பாரிஸ் சாந்தினால் செய்த அச்சில் வார்த்தது. அது ரப்பராக இல்லை. ஆப்பத்தைப் போலப் பொங்கி, உள்ளெங்கும் துளைகளோடு, கையால் அழுத்தினால் நசுங்குவதாக இருந்தது. அச்சை எப்போது செய்தாய் என்று கேட்டேன். "முந்தின நாள்தான், ஐயா. கல்லாக இறுகிவிட்டது, தொட்டால் காய்ந்துதான் இருந்தது" என்றான்.

இறுகுவது வேறு, காய்வது வேறு. பாரிஸ் சாந்து இறுகுவது நீரை இழந்து அன்று. நீரைத் தன்னுள் ஏற்றே அது இறுகுகிறது. 100 கிராம் சாந்து இறுகுவதற்கு உண்மையில் வேண்டிய நீர் ஏறத்தாழ 19 கிராம். ஆனால் அது குழைந்து ஊற்றத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதற்காக நாம் 60, 70 கிராம் வரை நீர் சேர்க்கிறோம். எஞ்சியதெல்லாம் அச்சின் நுண்துளைகளில் ஒளிந்திருக்கிறது. மேலே தொட்டால் அது தெரியாது.

அந்த நீர் என்ன செய்கிறது? ஐசோசயனேட் பாலியாலோடு மட்டும் கைகோப்பதன்று. நீரைக் கண்டால் நீரோடும் சேரும். அப்படிச் சேரும்போது கரியமில வாயு வெளிப்படுகிறது. 18 கிராம் நீரிலிருந்து, நம் ஊர் வெப்பநிலையில், ஏறத்தாழ 24 லிட்டர் வாயு கிளம்பும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்று கொண்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஒரே சொட்டு நீரிலிருந்து ஏறத்தாழ 65 மில்லிலிட்டர் வாயு! வார்க்க வேண்டிய நட்சத்திரத்தின் மொத்தக் கனஅளவு அதைவிடக் குறைவு. ஆப்பம் பொங்கியதில் வியப்பென்ன? நாம் அமரும் மெத்தைகளிலும் வண்டி இருக்கைகளிலும் உள்ள நுரைப்பஞ்சில் இதே வினையை வேண்டுமென்றே நிகழ்த்துவதுண்டு. மெத்தைக்குக் குணமானது இயந்திர உறுப்புக்குக் குற்றமாயிற்று.

ஆகவே சாந்து, மரம், மண் ஆகியவற்றால் அச்சுச் செய்தால், நாள்கணக்கில் உலர்த்தி, மேற்பரப்பில் அரக்கு அல்லது வார்னிஷ் பலமுறை பூசித் துளைகளை அடைத்து, அதன்மேல் மெழுகு தேய்த்த பிறகே யூரித்தேனை ஊற்ற வேண்டும். அடுப்பில் வைத்துச் சூட்டில் இறுக்கும் வகை யூரித்தேனுக்குச் சாந்து அச்சு ஏற்றதே அன்று. இறுகிய சாந்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதனோடு பிணைந்த நீர். சூடேறினால் அந்தப் பிணைப்பும் அவிழத் தொடங்கும்.

இரண்டாவதாக அவன் எடுத்து வைத்தது ஓர் அலுமினியக் கட்டி. லேத்திலும் அரத்திலும் பாடுபட்டுக் குடைந்த அழகிய அச்சு அது. உலோகத்தில் ஈரம் ஊறாது என்பதை அவனே உணர்ந்து செய்திருக்கிறான். வார்ப்பில் ஒரு குமிழி இல்லை. ஆனால் வார்ப்பு அச்சை விட்டு வரவே இல்லை! உளியால் பெயர்த்ததில் ரப்பர் கிழிந்து, பாதி அச்சிலேயே தங்கிவிட்டது.

யூரித்தேன் ரப்பர் மட்டுமன்று, சிறந்த பசையும் ஆகும். பெருங்கிடங்குகளில் சரக்குத் தூக்கும் வண்டிகளின் சக்கரங்களைப் பாருங்கள். இரும்பு வட்டையின்மேல் யூரித்தேன் பட்டை பிரியாமல் பற்றி நின்று பாரம் சுமக்கிறது. தூய உலோகம் அதற்குப் பிடித்தமான துணை. ஆகவே உலோக அச்சில் ஒவ்வொரு முறையும் மெழுகோ, சிலிகோன் எண்ணெய் வகையோ மெல்லியதாகவும் ஒரு மூலையும் விடாமலும் பூச வேண்டும். சிரட்டைக்குத் தண்ணீர் எதுவோ, உலோகத்துக்கு அது இந்தப் பூச்சு. அன்றியும், அச்சின் பக்கச் சுவர்கள் நேர்குத்தாக நிற்கலாகாது. மேல்நோக்கிச் சற்றே விரிய வேண்டும். வாளி ஒன்றனுள் ஒன்றாக அடுக்கினால் எளிதில் பிரிவதும், நேர்க்குழாய் அவ்வாறு பிரியாததும் எதனால் என்று எண்ணிப் பாருங்கள். என் மாணவன் பூச்சும் பூசவில்லை. சுவரையும் நேர்குத்தாகவே குடைந்திருந்தான்.

மூன்றாவது தோல்வியே மிக வியப்பானது. யூரித்தேன் ஒட்டாத பொருள் சிலிகோன் ரப்பர் என்று கடைக்காரர் சொல்ல, அதையும் வாங்கிவந்து, தேய்ந்த பழைய நட்சத்திரத்தையே மாதிரியாக வைத்து அதன்மேல் ஊற்றியிருக்கிறான். மறுநாள் பார்த்தால், வெளிப்புறம் இறுகியிருக்கிறது. மாதிரியைத் தொட்ட இடமெல்லாம் பிசினாகவே இருக்கிறது.

சிலிகோனில் இரு வகை உண்டு. ஒன்று பிளாட்டினத்தின் துணையால் இறுகுவது. மற்றொன்று வெள்ளீயக் கூட்டுப்பொருளின் துணையால் இறுகுவது. முன்னது சுருங்காது, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் கந்தகம் பட்டால் அதன் பிளாட்டினம் செயலற்றுப் போகும். பழைய நட்சத்திரமோ கறுப்பு ரப்பர். குட்இயர் ரப்பரில் சேர்த்த கந்தகத்தை இங்கே நினைவுகொள்ளுங்கள். 1839-இல் ரப்பரை வாழவைத்த பொருள், ராயகிரிப் பட்டறையில் சிலிகோனைக் கெடுத்துவிட்டது. கந்தகம் கலந்த களிமண் வகைகளில் மாதிரி செய்தாலும் இதே கேடு நேரும்.

அதில் இன்னொரு பிழையும் இருந்தது. அதை இரசாயனம் சொல்லாது; பொது அறிவு சொல்லும். "தம்பி, சிலிகோன் நன்றாக இறுகியிருந்தாலும் உனக்கு என்ன கிடைத்திருக்கும்?" என்று கேட்டேன். சற்று யோசித்துச் சிரித்துவிட்டான். "தேய்ந்துபோன நட்சத்திரந்தான் கிடைத்திருக்கும், ஐயா" என்றான். அச்சு நீதிபதி அன்று. மாதிரியின் குற்றங்களைத் திருத்தாது, அப்படியே எடுத்துக்காட்டும். விரல்ரேகை படிந்திருந்தால் ரேகையும் வார்ப்பில் வரும்.

அன்றிரவே அவன் வேலையைத் தொடங்கினான். இரும்புத் தலைகளின் பற்களுக்கு இடையே உள்ள இடைவெளியை அளந்து, அலுமினியத்தில் புதிய நட்சத்திர மாதிரி ஒன்றைச் செய்தான். அதைச் சுற்றி வெள்ளீய வகைச் சிலிகோனை ஊற்றினான். அந்த வகை இறுகும்போது சிறிதளவு ஆல்கஹால் வெளிப்படும். அதுவும் ஐசோசயனேட்டோடு சேரக்கூடியதே. ஆகவே அச்சு இறுகிய பிறகும் ஒரு பகலும் இரவும் காற்றில் திறந்து வைத்தான். பின்னர் யூரித்தேனின் இரு திரவங்களையும் தராசில் நிறுத்து, காற்று புகாமல் மெதுவாகக் கலந்து, அச்சின் ஒரு மூலையில் நூலிழைபோல் ஊற்றினான். திரவம் கீழிருந்து மேலெழுந்து காற்றை முன்னே தள்ளிக்கொண்டு நிறைந்தது. மறுநாள் அச்சை இரு கையாலும் பிடித்து வளைத்தான். நட்சத்திரம் தானே வெளியே எழுந்தது. நன்கு முற்றி இறுகட்டும் என்று மேலும் சில நாள்கள் பொறுத்துப் பம்பில் பொருத்தினார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடியபோது, அத்தோப்பின் பெரியவர் யாரோடும் பேசாமல் சென்று மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். சில மரங்களில் பிஞ்சு உதிர்ந்திருந்தது, பெரும்பாலானவை தப்பின.

மாணவர்களே, இப்போது அச்சுப் பொருள்களை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

ஓரிரு வார்ப்புகளே போதும், வடிவமும் எளிது என்றால், நன்கு உலர்த்தி அடைப்புப் பூச்சிட்ட மரமோ சாந்தோ போதும், செலவு குறைவு. வடிவத்தில் உள்வளைவுகளும் நுண்ணிய வேலைப்பாடும் உண்டு, வேண்டியவை சில பத்து என்றால், சிலிகோனே சிறந்தது. அது வளையும், ஒட்டாது. ஆனால் விலை மிகுதி. அன்றியும் யூரித்தேன் மெல்ல மெல்ல அதை அரித்துவிடுவதால் நூற்றுக்கணக்கில் வார்ப்பதற்கு அது தாங்காது. சூடேறினால் பெரிதும் விரிவதால் அளவும் சற்று மாறும். நூற்றுக்கணக்கில் வேண்டும், அளவு பிசகலாகாது, சூட்டில் இறுக்க வேண்டும் என்றால், அலுமினியமோ இரும்போதான் வழி. உலோகம் சூட்டைச் சீராகக் கடத்தும்; தேயாது. செய்கூலி அதிகமாயினும் எண்ணிக்கை மிகும்போது ஒவ்வொரு வார்ப்புக்கும் அது சிறு பங்காகிவிடும். இவற்றுக்கு இடைப்பட்டவை எப்பாக்சிப் பிசினும் கண்ணாடி நாரும் சேர்த்துச் செய்த அச்சுகள். அவற்றுக்கும் மெழுகுப் பூச்சு கட்டாயம். பாலித்தீன் போன்ற சில பிளாஸ்டிக்குகளில் யூரித்தேன் இயல்பாகவே ஒட்டுவதில்லை. பட்டறைகளில் பாலித்தீன் குவளைகளில் கலப்பது இதனால்தான். மிச்சம் இறுகினால் தட்டி எடுத்துவிடலாம்.

சூட்டில் இறுகும் யூரித்தேன் ஆறும்போது நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை சுருங்கும் என்பதையும் மறவாதீர்கள். அச்சைச் சற்றுப் பெரிதாகச் செய்வது தச்சர் மரத்துக்குக் கழிவு விடுவதைப் போன்ற முன்யோசனை.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். 1984 டிசம்பரில் போபால் நகரில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொன்ற வாயு மீதைல் ஐசோசயனேட். பட்டறையில் பயன்படுவது அதே பொருள் அன்று; எளிதில் ஆவியாகாதது. ஆயினும் இரண்டிலும் வினைபுரியும் உறுப்பு ஒன்றே. நீரைக் கண்டதும் பாயும் அந்த இயல்பு, நம் நுரையீரலின் ஈரத்தையும் கண்ணின் ஈரத்தையும் விட்டுவைக்காது. சிலருக்கு ஆயுள் முழுவதும் தீராத இரைப்பை அது உண்டாக்கிவிடும். காற்றோட்டம் இல்லாத அறையிலும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமலும், பெரியவர் துணையின்றியும் இதைக் கையாளலாகாது.

என் மாணவன் அந்த மூன்று தோல்விகளையும் எறிந்துவிடவில்லை. பொங்கிய ஆப்பம், கிழிந்த ரப்பர் ஒட்டிய அலுமினியக் கட்டி, பிசினான சிலிகோன் ஆகிய மூன்றும் அவன் பட்டறை அலமாரியில் இன்றும் இருக்கின்றன. வேலை கற்க வரும் பையன்களிடம் முதலில் அவற்றையே கொடுத்து, ஏன் கெட்டது என்று கேட்கிறான். முப்பது ஆண்டு நான் பாடம் நடத்திய முறையைவிட அது சிறந்த முறை என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

அடுத்த முறை கருப்பட்டி வார்க்கும் இடத்துக்குப் போனால், சிரட்டையை ஏன் நனைக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் விடையைக் கேட்டுக்கொண்டு, யூரித்தேன் அச்சை ஏன் நனைக்கலாகாது என்பதை அவர்களுக்கு நீங்கள் சொல்லுங்கள். இரண்டையும் காரணத்தோடு சொல்ல முடிந்தால், இன்று நான் பேசியது வீண்போகவில்லை.